‘யார் ஆள வேண்டும்?’: எட்டு வாரங்களில் பேசிப் பார்க்க ஒரு சேலத்து வழிமுறை

நீதி என்றால் என்ன, அரசு அதிகாரம் யார் கையில் இருக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளையும் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, நூல்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பகையில் முடியாமல் பேசுவதற்கான வழிமுறையை இங்கே எழுதுகிறேன். சேலத்தில் இரண்டு முறை இத்தகைய வாசிப்பு வட்டத்தை நடத்திய அனுபவத்தில் எழுதுவது இது. முதல் முறை ‘எந்த ஆட்சி சிறந்தது?’ என்று தொடங்கினோம். இரண்டாம் வாரமே அது ‘எந்தக் கட்சி சிறந்தது?’ என்று மாறியது. மூன்றாம் வாரம் இருவர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். கேள்வியைத் தவறான முனையில் பிடித்துவிட்டோம் என்பது பிறகுதான் புரிந்தது. ஆள்பவரின் தகுதியிலிருந்து தொடங்கினால், ஆளப்படுபவர் பேச்சிலிருந்தே மறைந்துபோகிறார். ஒரு முடிவின் சுமை யார் தோளில் இறங்குகிறது என்று முதலில் கேட்க வேண்டும். அந்த முடிவை எடுக்கும் உரிமை யாருக்கு என்பதை அதன் பிறகு கேட்க வேண்டும். கீழே சொல்லியிருக்கும் ஏற்பாடுகள் எல்லாம் இந்த வரிசை கலையாமல் இருப்பதற்காகவே.

ஆட்களும் நேரமும்

பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். எட்டுக்குக் கீழே போனால் இரண்டு பேர் மட்டுமே பேசுவார்கள். படித்தவர்களை மட்டும் அழைப்பது எளிது, ஆனால் அது இந்தக் கேள்விக்குப் பொருந்தாது. எங்கள் இரண்டாம் வட்டத்தில் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தறிக்காரர், கொலுசுப் பட்டறையில் வேலை செய்த ஒருவர், ஒரு செவிலியர், இரண்டு சட்டக் கல்லூரி மாணவர்கள், வருவாய்த் துறையில் ஓய்வு பெற்ற ஒருவர், வீட்டை நடத்தும் பெண்கள் மூவர் எனப் பலவகைப்பட்டவர்கள் இருந்தார்கள். அரசாணையை எழுதியவர்களும் அந்த ஆணையால் வரிசையில் நின்றவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்தபோதுதான் பேச்சுக்கு எடை வந்தது.

நேரத்தைப் பற்றி ஒரு செய்தியை விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் ஞாயிறு மாலை ஆறு மணி என்று வைத்தோம். பெண்கள் எவரும் வரவில்லை. அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், “ஆறு மணிக்கு அடுப்பை யாருங்க பாத்துக்குவாங்க?” என்று கேட்ட பிறகே, பிற்பகல் மூன்றுக்கு மாற்றினோம். மூவர் வந்தார்கள். நீதியைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தின் நேரத்தையே, அந்த நேரம் யாருக்கு ஒத்துவராதோ அவர்களைக் கேட்காமல் நாங்கள் தீர்மானித்திருந்தோம். ஆகவே நீங்கள் தொடங்கும்போது நாளையும் நேரத்தையும் அறிவிக்காதீர்கள். வரக்கூடியவர்களிடம், முக்கியமாக வருவதற்குச் சிரமப்படக்கூடியவர்களிடம், கேட்டுப் பெறுங்கள்.

விதிகள் மூன்று போதும். எதிர்க்கருத்தைச் சொல்ல விரும்புபவர், முன்னவர் சொன்னதை முன்னவரே ‘ஆம், அதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் எடுத்துரைக்க வேண்டும். இன்று பதவியில் இருப்பவர், பதவிக்குப் போட்டியிடுபவர் எவர் பெயரையும் ஆறாம் வாரம் முடியும் வரை சொல்லக் கூடாது. ஒவ்வொரு வாரமும் முதல் அரை மணி நேரம் நூல் திறக்கப்படக் கூடாது. கையில் உள்ள ஒரு பிரச்சினையைப் பேசிவிட்டே நூலுக்குப் போக வேண்டும். மூன்றாவது விதியைக் காப்பாற்றுவதுதான் கடினம். நிறையப் படித்தவர் மேற்கோளோடுதான் வாயைத் திறப்பார். அவரைப் பொறுமையாகத் தடுக்க வேண்டியிருக்கும்.

முதல் இரண்டு வாரங்கள்: வெள்ளியும் தராசும்

சொல்லிலிருந்து தொடங்குங்கள். நீதி, நியாயம், முறை, நடுவுநிலைமை, அறம் என்று நம்மிடம் பல சொற்கள் உள்ளன. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று பொருந்துகிறதா என்று வாக்கியம் அமைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம் மேற்கு மாவட்டங்களின் பேச்சில் ‘நாயம்’ என்ற சொல் நியாயத்தையும் குறிக்கிறது, உட்கார்ந்து பேசுவதையும் குறிக்கிறது. ‘நாயம் பேசிக்கிட்டு இருந்தோம்’ என்று அன்றாடம் சொல்பவர்களுக்கு, பேசாமல் நியாயம் பிறக்காது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, ஒரு கொலுசுப் பட்டறைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்ப்பேட்டையைச் சுற்றி வளர்ந்த இந்தத் தொழிலில், வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுக்கிறார். தொழிலாளி அதைக் கொலுசாக்கி எடை போட்டுத் திருப்பித் தருகிறார். இடையில் உருக்கும்போதும் இழைக்கும்போதும் குறையும் சிறு பகுதிக்குச் சேதாரம் என்று பெயர். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதே நீதி என்றால், இங்கே நீதி நடந்துவிட்டதா? பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் தொடக்கத்தில் முதியவர் கெஃபலஸ் ஏறக்குறைய இதையே சொல்கிறார்: உண்மை பேசுவதும் வாங்கியதைத் திருப்பித் தருவதும் நீதி. உடனே சாக்ரட்டீஸ், நல்ல மனநிலையில் ஆயுதத்தை உங்களிடம் ஒப்படைத்த நண்பர் மனம் பிறழ்ந்த நிலையில் அதைத் திருப்பிக் கேட்டால் கொடுப்பீர்களா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியை வட்டத்தில் வையுங்கள். யாருமே கொடுப்பேன் என்று சொல்ல மாட்டார்கள். அப்படியானால் நீதி என்பது கொடுக்கல் வாங்கலைவிடப் பெரியது என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது.

இப்போது சேதாரத்துக்குத் திரும்புங்கள். தராசு இரு பக்கமும் சரியாகவே நிற்கட்டும். நூறு கிராமுக்கு எவ்வளவு சேதாரம் ஒப்புக்கொள்ளப்படும் என்பதை யார் நிர்ணயித்தார்? எங்கள் வட்டத்தில் பட்டறைத் தொழிலாளி ஒரு நொடிகூட யோசிக்காமல், “வெள்ளி கொடுக்கிறவங்கதான்” என்றார். அடுத்து என்ன படிக்க வேண்டும் என்பதை அந்தப் பதிலே தீர்மானித்துவிட்டது. குடியரசின் முதல் பகுதியில் த்ராசிமாக்கஸ் என்பவர் எழுந்து, நீதி என்பது வலியவரின் நன்மையைத் தவிர வேறில்லை, ஒவ்வோர் அரசும் தனக்கு ஏற்ற சட்டத்தைச் செய்துகொண்டு அதற்கு நீதி என்று பெயர் சூட்டுகிறது என்று சொல்கிறார். பெரும்பாலான வழிகாட்டிகள் இவரை விரைவாக மறுத்துவிட்டு நகரச் சொல்லும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவருக்கு ஒரு முழு ஞாயிறு கொடுங்கள். உழைத்து வாழ்பவர்கள் பலருக்கும் அவருடைய பேச்சு தம் அனுபவமாகவே தெரியும். அதைக் கேட்காமல் கடந்துவிட்டால், பிறகு நீதியைப் பற்றி என்ன பேசினாலும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

த்ராசிமாக்கஸுக்கு எதிரில் வைக்க நம்மிடம் குறள் இருக்கிறது. ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’ ஒரு பக்கம் சாயாமை சான்றோர்க்கு அணி என்று நடுவுநிலைமை அதிகாரம் சொல்கிறது. ‘ஓர்ந்துகண் ணோடாது’ (முகம் பார்த்து இரங்கிச் சாயாமல்) யாரிடத்தும் ஆராய்ந்து செய்வதே முறை என்று செங்கோன்மை அதிகாரம் தொடங்குகிறது. ஆனால் அதே பொருட்பாலில் கண்ணோட்டம் (இரக்கம்) என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கே கண்ணோட்டம் ஆள்பவரின் சிறப்பாகப் போற்றப்படுகிறது. ஓரிடத்தில் கண்ணோடக் கூடாது, மற்றோரிடத்தில் கண்ணோட வேண்டும் என்பது முரணா? இந்த இடத்தில் வட்டத்தைத் தனியே விட்டுவிடுங்கள். எங்களில் செவிலியர்தான் ‘கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு’ என்ற 578ஆம் குறளைத் தேடிக் கண்டுபிடித்து, மருத்துவமனையில் யாரை முதலில் பார்ப்பது என்பதைத் தெரிந்தவர் முகம் பார்த்து முடிவு செய்யக் கூடாது, ஆனால் வலியின் முகம் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று விளக்கினார். நான் படித்த உரைகளில் இவ்வளவு தெளிவை நான் கண்டதில்லை.

மூன்றாம் வாரம்: அறிந்தவர் ஆளட்டும் என்ற வாதம்

குடியரசின் ஆறாம் பகுதியில் கப்பல் உவமை வருகிறது. கப்பலின் உடைமையாளர் உடல் வலிமை மிக்கவர், ஆனால் காது சற்று மந்தம், பார்வையும் அப்படியே, கடலறிவு குறைவு. மாலுமிகள் ஒவ்வொருவரும் சுக்கானைத் தமக்குத் தரும்படி அவரை நச்சரிக்கிறார்கள். ஒருவரும் அந்தக் கலையைக் கற்றவரல்லர். அது கற்றுக்கொடுக்கக் கூடியதே அன்று என்கிறார்கள். விண்மீனையும் காற்றையும் பருவத்தையும் அறிந்த உண்மையான மாலுமியை வானத்தை வெறித்துப் பார்ப்பவன் என்று ஏளனம் செய்கிறார்கள். மக்களாட்சியின் மேல் நம்பிக்கை உள்ளவர்கள்தாம் இந்த வாதத்தைக் கூட்டத்தில் எடுத்துரைக்க வேண்டும் என்று விதி வையுங்கள். பிளேட்டோ தம் ஆட்சியாளருக்குச் சொந்தச் சொத்தை மறுத்தார், தகுதியுள்ள பெண்களும் காவலராகலாம் என்றார் என்ற இரண்டையும் விட்டுவிடாமல் சொல்லச் சொல்லுங்கள். பிளேட்டோவின் ஆசிரியரான சாக்ரட்டீஸுக்குக் கி.மு. 399இல் மரண தண்டனை அளித்தது குடிமக்கள் அடங்கிய நடுவர் மன்றமே என்பதையும் நினைவூட்டுங்கள். வாதத்துக்குப் பின்னால் ஓர் இழப்பின் துயரம் இருக்கிறது.

இதற்கு நம் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1917இல் சேலம் நகராட்சித் தலைவரான இராஜாஜி, இருபது ஆண்டுகள் கழித்து மாகாணத்தின் முதன்மை அமைச்சராக, 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தினார். மக்களுக்கு எது நன்மை என்று அறிந்த ஒருவர் அதைச் சட்டமாக்குவது சரியா? குடியால் அடிபட்ட வீட்டுப் பெண் ஒரு பதில் சொல்வார். மரம் ஏறிப் பிழைத்தவர் வேறொன்று சொல்வார். 1859இல் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில், தன்னை மட்டுமே பாதிக்கும் செயலில் ஒருவரைத் தடுக்கச் சமூகத்துக்கு உரிமை இல்லை என்று எழுதியதை இங்கே சேர்த்துப் படியுங்கள். எங்கள் வட்டத்தில் பெண்கள் மூவரும் மில்லை ஒருமனதாக மறுத்தார்கள்: ஒருவன் குடிப்பது அவனை மட்டும் பாதிப்பதாகச் சொல்பவர் அவன் வீட்டில் இருந்ததில்லை என்றார்கள்.

நான்காம், ஐந்தாம் வாரங்கள்: மேட்டூர்

இந்த இரண்டு வாரங்களே வழிமுறையின் நடுமரம். மற்றவற்றைச் சுருக்கினாலும் இவற்றைச் சுருக்க வேண்டாம்.

1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி). டெல்டாப் பாசனத்துக்கு ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பது வழக்கம். முதலில் கேட்க வேண்டியது: மதகைத் திறக்கும் அதிகாரம் யாருக்கு இருக்க வேண்டும்? எல்லாரும் பொறியாளருக்கு என்பார்கள். எந்த அளவு திறந்தால் கரை தாங்கும், வரத்து எவ்வளவு, ஆவியாவது எவ்வளவு என்பதையெல்லாம் அவரே அறிவார். அடுத்து கேளுங்கள்: நீர் குறைந்த ஆண்டில் குறுவைக்கா, குடிநீருக்கா, மின்சாரத்துக்கா என்பதை எந்தப் பொறியியல் நூல் சொல்லும்? இங்கே வட்டம் அமைதியாகிவிடும். ‘எப்படி’ என்ற அறிவும் ‘யாருக்கு எவ்வளவு’ என்ற தீர்ப்பும் வெவ்வேறு என்பதைக் கண்டுகொள்ளும் அமைதி அது. ‘இயற்றலும் ஈட்டலுங் காத்தலும் காத்த வகுத்தலும்’ வல்லது அரசு என்ற குறளில் வகுத்தல் (பங்கிட்டுத் தருதல்) கடைசியாக நிற்பதைக் காட்டுங்கள். முதல் மூன்றுக்கும் திறமை போதும். வகுப்பதற்கு நீதி வேண்டும் என்பது என் வாசிப்பு.

அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலின் மூன்றாம் பகுதியில் பிளேட்டோவுக்கு அளிக்கும் மறுமொழியை இப்போது படியுங்கள். வீட்டைக் கட்டியவரைவிட அதில் குடியிருப்பவர் அதன் தரத்தை நன்றாக அறிவார். விருந்தைச் சமையற்காரரைவிட உண்பவர் நன்றாக மதிப்பிடுவார் என்கிறார். ஒருவர் செலவில் நடக்கும் விருந்தைவிடப் பலர் கொண்டுவந்து சேர்க்கும் விருந்து சிறப்பாக இருக்கக்கூடும் என்றும் சொல்கிறார். பலரும் கூடிப் பொங்கும் வழக்கமுள்ள ஊர்களில் இதற்கு விளக்கம் தேவைப்படாது. ஆனால் இதே அரிஸ்டாட்டில் அடிமைமுறையை நியாயப்படுத்தினார் என்பதையும் அதே அமர்வில் சொல்லிவிட வேண்டும். வீட்டில் குடியிருப்பவர் யார் என்று எண்ணும்போது, அந்த வீட்டைத் துடைத்தவர்களை அவர் எண்ணவில்லை.

ஐந்தாம் வாரம் அணையின் மறுபக்கத்துக்குப் போங்கள். நீர்மட்டம் வெகுவாகக் குறையும்போது பண்ணவாடிப் பகுதியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் ஒரு பழைய தேவாலயக் கோபுரமும் நீருக்கு மேலே தலைகாட்டும். அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் எச்சம் அவை. முடிந்தால் அத்தகைய நாளில் வட்டத்தையே அங்கே அழைத்துச் செல்லுங்கள். நாங்கள் சென்ற அன்று நந்தியின் கொம்பு மட்டும் தெரிந்தது, ஒரு மணி நேரம் கரையில் உட்கார்ந்திருந்தோம். லட்சக்கணக்கான ஏக்கர் நெல்லுக்காகச் சில ஊர்கள் போகலாமா? மிகுந்த பேருக்கு மிகுந்த நன்மை என்ற, ஆங்கிலேயத் தத்துவவாதி பெந்தாமின் அளவுகோலை வைத்தால் போகலாம். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட ‘நீதிக் கோட்பாடு’ நூலில் வேறோர் அளவுகோல் வருகிறது: நீங்கள் யாராகப் பிறப்பீர்கள் என்று அறியாத திரைக்குப் பின்னால் நின்று சமூகத்தின் விதிகளை வகுங்கள் என்கிறார், அப்படி வகுத்தால், மிகக் கீழே இருப்பவர்க்கு நன்மை தராத ஏற்றத்தாழ்வை ஏற்கமாட்டீர்கள் என்பது அவர் வாதம். தஞ்சாவூரில் பிறப்பீர்களா, மூழ்கப்போகும் ஊரில் பிறப்பீர்களா என்று தெரியாவிட்டால் அணை வேண்டும் என்பீர்களா? எங்கள் வட்டத்தில் ஒன்பது பேர் வேண்டும் என்றார்கள், ஆனால் நிபந்தனை சேர்த்தார்கள்: நிலத்துக்கு நிலம், கோயிலுக்குக் கோயில், முதல் மதகு நீரில் ஒரு பங்கு. கேட்காமல் எடுக்கக் கூடாது என்பதை எல்லாரும் சொன்னார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. திரை விளையாட்டு எளிதாக ஏமாற்றிவிடும். மற்றவர் வாழ்வை நாம் கற்பனை செய்துவிட்டோம் என்ற நிறைவைத் தந்து, அவரைக் கேட்கும் வேலையிலிருந்து நம்மை விடுவித்துவிடும். சேலத்திலிருந்து சென்னைக்கு எட்டுவழிச் சாலை அமைக்க 2018இல் நிலம் அளக்கத் தொடங்கினார்கள்; 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிக்கைகளை ரத்து செய்தது; 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கைகள் செல்லும் என்றது. யார் சரி என்பதை இங்கே தீர்க்க முயல வேண்டாம். சுற்றுச்சூழல் அனுமதியையும் அதற்கான மக்கள் கருத்துக் கேட்பையும் எந்தக் கட்டத்தில் வைப்பது, நிலம் எடுக்கும் அறிவிக்கைக்கு முன்பா பின்பா என்பதுதான் இரு நீதிமன்றங்களிலும் நடந்த வழக்கின் உயிர்க்கேள்விகளில் ஒன்று. அதை மட்டும் எடுத்துப் பேசுங்கள்.

ஆறாம் வாரம்: இடம் யாருக்கு?

ஒரு குடத்தைக் கொண்டுவாருங்கள். எல்லார் பெயரையும் எழுதிப் போட்டு, ஒரு சிறுபிள்ளையை எடுக்கச் சொல்லி, அன்றைய கூட்டத்தை நடத்துபவரைத் தேர்ந்தெடுங்கள். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) சொல்லும் குடவோலை முறை இதுவே, ஏதென்ஸ் நகரிலும் பெரும்பாலான பதவிகள் திருவுளச் சீட்டாலேயே நிரப்பப்பட்டன. பிறகு நிபந்தனைகளைப் படியுங்கள்: கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேத அறிவு. இந்தக் குடத்துக்குள் உங்கள் வட்டத்தில் எத்தனை பேர் ஓலை விழும் என்று எண்ணுங்கள். எங்களில் ஒருவர் ஓலையும் விழவில்லை. ஆனால் முன்பு வாரியத்தில் (ஊர்ச் சபையின் குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவர்க்கும் அவர் உறவினர்க்கும் இடமில்லை என்ற விதியைக் கேட்டதும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். பழமையைப் போற்றுவதற்கும் இகழ்வதற்கும் ஒரே கல்லில் இடமிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சேலத்தில் இந்தக் கேள்வியைப் பேசும்போது 1944 ஆகஸ்ட் 27ஐத் தவிர்க்க முடியாது. 1916இல் தோன்றிய தென்னிந்திய நல உரிமைச் சங்கம், தான் நடத்திய ‘ஜஸ்டிஸ்’ நாளேட்டின் பெயரால் நீதிக்கட்சி என்று அழைக்கப்பட்டது. அரசுப் பணியும் அதிகாரமும் மக்கள்தொகையில் மிகச் சிறுபான்மையான ஒரு பிரிவின் கையில் குவிந்திருப்பது நீதியன்று என்பது அதன் அடிப்படை வாதம். 1920இல் அது ஆட்சிக்கு வந்தது சொத்தும் வரியும் தகுதியாக இருந்த குறுகிய வாக்குரிமையில். அந்த 1944 சேலம் மாநாட்டில் பெரியார் தலைமையில் அந்தக் கட்சி திராவிடர் கழகம் ஆனது. ஆங்கில அரசு தந்த பட்டங்களைத் துறக்க வேண்டும் என்ற தீர்மானம் அண்ணாவின் பெயரால் அறியப்படுகிறது. நீதி என்ற சொல்லைப் பெயரில் தாங்கியவர்களே பதவியில் இருப்பவர்களின் கட்சியாகச் சுருங்கிவிட்டோம் என்று உணர்ந்து, பட்டத்தைக் கழற்றிவிட்டு மக்களிடம் போவது என்று முடிவெடுத்தது நம் ஊரில் நடந்தது என்பதை வட்டத்தில் உள்ள இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

இதனுடன் மில் 1861இல் முன்வைத்த, படித்தவர்க்குக் கூடுதல் வாக்கு என்ற யோசனையையும், 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் அரசமைப்பு அவையில் ஆற்றிய உரையையும் எதிரெதிரே வையுங்கள். அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒரு வாக்குக்கு ஒரே மதிப்பு என்று ஏற்றுக்கொண்டு, சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் அதே மதிப்பை மறுத்துக்கொண்டிருக்கும் முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்று அவர் எச்சரித்தார்.

ஏழாம் வாரம்: ஆள்பவர் தவறினால்

தத்துவவாதி கார்ல் பாப்பர் 1945இல் வெளியிட்ட நூலில், யார் ஆள வேண்டும் என்ற கேள்வியின் இடத்தில், தீய ஆட்சியாளரால் அதிகக் கேடு நேராதவாறு அமைப்புகளை எப்படி உருவாக்குவது என்ற கேள்வியை வைத்தார். நம் மரபு இதையே வேறு சொல்லால் அறியும்: ‘இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்’ கெடுப்பார் இல்லாமலே கெடுவான்.

சேலத்து நிகழ்வுகள் இரண்டை அருகருகே வைத்துப் பேசுங்கள். 1882 சேலம் கலவர வழக்கில் தண்டிக்கப்பட்ட சேலத்து அரசியல் தலைவர் விஜயராகவாச்சாரியார் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். 1920இல் நாகபுரிக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். அந்நிய ஆட்சியிலும் மேல்முறையீடு என்ற ஒரு கதவு அவருக்குத் திறந்திருந்தது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்தியச் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் உயிரிழந்தார்கள். அரசமைப்பு நடைமுறைக்கு வந்து 16 நாட்களே ஆகியிருந்தன. நம்முடைய ஆட்சி, நாம் எழுதிக்கொண்ட உரிமைகள், இருந்தும் சிறைக்குள் இருந்தவர்களுக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை. ஆள்பவர் நம்மவரா என்பதும், ஆள்பவரைத் தடுக்க வழி இருக்கிறதா என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்பதை இந்த இரண்டும் சேர்ந்து கற்பிப்பது போல எந்த நூலும் எனக்குக் கற்பிக்கவில்லை. இந்த வாரம் கூட்டத்தை முன்னதாக முடித்துவிடுங்கள்.

எட்டாம் வாரம்: மலைக்கு

கடைசி அமர்வை ஞாயிற்றுக்கிழமையில் வைக்காமல், கிராம சபை கூடும் நாளில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் தமிழக ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. சேலத்திலிருந்து காலைப் பேருந்தில் ஏறினால், அடிவாரத்தைத் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகளில் சேர்வராயன் மலை மேலே போய்ச் சேரலாம். ஏற்காட்டுப் பகுதி ஊராட்சி ஒன்றின் நிர்வாகத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த ஊராட்சியின் வாக்காளர்களே சபையின் உறுப்பினர்கள். நீங்கள் பின்வரிசையில் அமைதியாக உட்காரும் விருந்தினர். படம் எடுக்காதீர்கள். தீர்மானத்தில் கையெழுத்துப் போட வந்தவர்கள் போல முன்னால் போய் நிற்காதீர்கள்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை: யார் பேசினார்கள், யார் பேச எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள், வரவு செலவு வாசிக்கப்பட்டபோது யார் கேள்வி கேட்டார்கள், அந்தக் கேள்விக்கு விடை தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா, பெண்கள் எங்கே உட்கார்ந்தார்கள். உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்த பின்னும் நாற்காலி ஒரு பக்கமும் குரல் வேறு பக்கமும் இருக்கக்கூடும். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

கூட்டம் முடிந்து மர நிழலில் உட்கார்ந்து பேசுவதற்கு மூன்று செய்திகள் உள்ளன. தமிழகச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் என்ற இரண்டு மட்டுமே. ஒரு குரல் அவைக்குள் இருப்பதும் அது முடிவை மாற்றுவதும் ஒன்றா? அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் அறிவிக்கப்படும் பழங்குடிப் பகுதிகள் தமிழகத்தில் இல்லாததால், பழங்குடிக் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இந்த மலைக்குப் பொருந்துவதில்லை. எல்லை வரைந்தவர் யார்? 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் உரிமைக் கோரிக்கையைத் தொடங்கிவைப்பது கிராம சபை, இறுதி முடிவெடுப்பது மாவட்டக் குழு. தொடங்கும் அதிகாரமும் முடிக்கும் அதிகாரமும் வெவ்வேறு கைகளில் இருந்தால் ஆள்பவர் யார்? தோட்ட உரிமையாளர், காப்பிப் பழம் பறிக்கும் கூலித் தொழிலாளி, சிறு மிளகுத் தோட்டம் வைத்திருக்கும், ‘மலையாளி’ என்று பெயர் பெற்ற இந்த மலைப் பழங்குடிக் குடும்பம், விடுதிப் பணியாளர், விடுமுறைக்கு வந்துபோகும் நம்மைப் போன்றவர் என எல்லாரும் ஒரே ஏரி நீரையும் ஒரே மலைச் சாலையையும் பயன்படுத்துகிறோம். நாங்கள் போன அன்று, மலையிலேயே பிறந்த ஒரு பெரியவர் எங்கள் பேச்சைச் சற்று நேரம் கேட்டுவிட்டு, “நீங்க வர்றப்போ ரோடு நல்லா இருக்கணும்னு பாக்கறீங்க, நாங்க ஆஸ்பத்திரிக்கு இறங்கறப்போ ரோடு காலியா இருக்கணும்னு பாக்கறோம்” என்றார். அந்த வாக்கியத்தை எங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

கீழே இறங்குவதற்கு முன் இரண்டு வேலைகள் மிச்சம் இருக்கும். எட்டு வாரத் தேநீர்ச் செலவு, படி எடுத்த செலவு, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றின் கணக்கை வைத்திருந்தவர் எல்லார் முன்னிலையிலும் உரக்க வாசிக்க வேண்டும். கேள்வி கேட்க நேரம் தர வேண்டும். பிறகு குடத்தில் பெயர்களைப் போட்டு, அடுத்த வட்டத்தை நடத்துபவரை எடுங்கள். இந்த முறை நடத்தியவர் பெயர் குடத்தில் இருக்கக் கூடாது.